'இடைத்தரகர் இல்லை, விலை குறைவு' – பணம் போடுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

கோலாலம்பூர் – புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் முதலீடு கேட்டு வரும்போது அடிக்கடி காட்டும் படம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் தொழிற்சாலை, மறுபக்கம் வாடிக்கையாளரின் வீடு. நடுவில் இருக்கும் மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், மளிகைக் கடைக்காரர் மூவரும் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருப்பார்கள். கிள்ளானில் தயாராகும் மசாலாத்தூள் பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு வருவதற்குள் மூன்று கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது, அந்த மூன்று கைகளையும் எடுத்துவிட்டால் வாங்குபவருக்கும் மலிவு, நமக்கும் லாபம் என்பது அவர்களின் வாதம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பேசுபவர் பெரும்பாலும் தெரிந்த பிள்ளை. "மாமா, நீங்க ஒரு பத்தாயிரம் போட்டா போதும், மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்று அவர் சொல்லும்போது மறுப்பதும் எளிதல்ல.

பணத்தை எடுப்பதும் இப்போது எளிதாகிவிட்டது. ஊழியர் சேமநிதி வாரியம் (இ.பி.எப்.) 2024 மே 11 முதல் நெகிழ்வுக் கணக்கு என்ற மூன்றாவது கணக்கைத் திறந்தது. 55 வயதுக்குக் கீழ் உள்ள உறுப்பினர்கள் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் குறைந்தது 50 வெள்ளி எடுக்கலாம். அதே வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு வழக்கமான சேமிப்புக்கு 6.30 விழுக்காடு இலாப ஈவு அறிவித்தது. ஆண்டுக்கு 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலே 10,000 வெள்ளி ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 13,380 வெள்ளியாகும். ஆகவே, உறவுக்காரப் பிள்ளையின் தொழில் இந்தத் தொகையைவிடக் கூடுதலாகத் தருமா, அதற்காக முதலையே இழக்கும் அபாயத்தை ஏற்கலாமா என்பதே குடும்பத்தின் முன் நிற்கும் கேள்வி.

'நேரடி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில் 'ஜுவாலான் லங்சோங்', அதாவது நேரடி விற்பனை என்றாலே பலருக்கும் ஆள் சேர்க்கும் வியாபாரம்தான் நினைவுக்கு வரும். அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனை மற்றும் பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டத்தின்படி, அத்தகைய வியாபாரத்துக்கு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் உரிமம் வேண்டும்.

தொழிற்சாலைப் பொருளை இணையத்தின் வழி வாடிக்கையாளருக்கு விற்பது வேறு வகைத் தொழில். ஆனால், பேச்சின் நடுவில் "நீங்கள் மூன்று பேரைச் சேர்த்தால் உங்களுக்குக் கமிஷன்" என்ற வரி வந்தால், அது எந்த வகை என்று அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும். பொருள் விற்றதால் வருமானம் வருகிறதா, ஆள் சேர்த்ததால் வருமானம் வருகிறதா? ஆள் சேர்த்ததால் என்றால், அது பிரமிட் திட்டமாக இருக்கக்கூடும். பிரமிட் திட்டத்தை நடத்துவது குற்றம்.

நடுவில் இருப்பவர் என்ன செய்கிறார்?

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் உள்ள ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் பத்து வெள்ளிக்கு விற்கும் முறுக்குப் பொட்டலத்தைத் தொழிற்சாலை ஆறு வெள்ளிக்குக் கொடுக்கிறது என்றால், நடுவில் இருக்கும் நான்கு வெள்ளி 'வீண்' என்று படத்தில் காட்டப்படும்.

அந்த நான்கு வெள்ளிக்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. மொத்த வியாபாரி நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஒரே நேரத்தில் எடுத்துக் கிடங்கில் வைக்கிறார். விநியோகஸ்தரின் லாரி ஒரே பயணத்தில் பல கடைகளுக்குச் சரக்கை இறக்குகிறது. கடைக்காரர் வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் கொடுக்கிறார், உடைந்ததையும் காலாவதியானதையும் ஒதுக்குகிறார், தெரிந்த குடும்பத்துக்கு மாதக் கடைசி வரை கடன் தருகிறார். வாடிக்கையாளர் தானே நடந்து வந்து பையில் போட்டுக்கொண்டு போகிறார். வீட்டு வாசல் வரை கொண்டுசேர்க்கும் செலவு யாருக்கும் இல்லை.

இடைத்தரகரை நீக்கினாலும் இந்த வேலைகள் மறைவதில்லை. யாராவது ஒருவர் செய்தாக வேண்டும். ஆகவே முதலீடு கேட்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சரக்கை வைப்பது, அனுப்புவது, வாடிக்கையாளரைத் தேடுவது, கெட்டதைத் திரும்பப் பெறுவது ஆகிய நான்கு வேலைகளையும் இனி யார் செய்வார்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவு?

ஒரு பார்சலின் கணக்கு

புரிந்துகொள்வதற்காகச் சில எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொழிற்சாலை விலை 6 வெள்ளி. கடையில் 10 வெள்ளி. புதிய நிறுவனம் 8 வெள்ளிக்கு விற்கிறது. ஒரு பொட்டலத்துக்கு 2 வெள்ளி மிச்சம்.

வாடிக்கையாளர் ஒரே ஒரு பொட்டலம் கேட்டால், கூரியர் செலவு மட்டும் 7 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் அதை ஏற்றால் 5 வெள்ளி நட்டம். வாடிக்கையாளர் ஏற்றால் அவருக்கு ஒரு பொட்டலம் 15 வெள்ளியாகிவிடும். அதற்குக் கடையே மலிவு.

அவர் பத்துப் பொட்டலம் வாங்குகிறார் என்றால் நிலைமை மாறும். விற்பனை 80 வெள்ளி, தொழிற்சாலைக்கு 60 வெள்ளி, மிச்சம் 20 வெள்ளி. அதில் கூரியர் 8 வெள்ளி, பெட்டி கட்டும் செலவு 2 வெள்ளி, இணையக் கட்டணச் சேவைக்கு 1 வெள்ளி 50 சென், உடைந்தது, திரும்பி வந்தது என்று சராசரியாக 2 வெள்ளி. மொத்தம் 13 வெள்ளி 50 சென் போக, கையில் நிற்பது 6 வெள்ளி 50 சென்.

அந்த வாடிக்கையாளரைக் கண்டுபிடிக்க சமூக ஊடக விளம்பரத்துக்கு 20 வெள்ளி செலவானது என்றால், அவர் மூன்று முறை வாங்கினாலும் அந்த 20 வெள்ளி முழுதாகத் திரும்பாது. நான்காவது முறைதான் லாபம் தொடங்கும். கிடங்கு வாடகையும் ஊழியர் சம்பளமும் இன்னும் கணக்கில் வரவில்லை.

அவர் ஒரு முறை வாங்கிவிட்டுத் திரும்பி வரவே இல்லை என்றால், அவரால் 13 வெள்ளி 50 சென் நட்டம். அப்படி ஆயிரம் பேர் வந்தால் 13,500 வெள்ளி நட்டம். "எங்களுக்கு ஆயிரம் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்" என்ற பேச்சு பெருமையாகத் தெரியும். அந்த ஆயிரம் பேரில் இரண்டாவது முறை வாங்கியவர் எத்தனை பேர் என்பதுதான் உண்மையான எண். ஒவ்வொரு தொழிலுக்கும் இந்தத் தொகைகள் மாறும். ஆனால் இந்தக் கணக்கைத் தன் சொந்த எண்களோடு ஒரே தாளில் எழுதிக் காட்ட முடியாதவர் இன்னும் தன் தொழிலைப் புரிந்துகொள்ளவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய பணமும் தப்பவில்லை

இது சிறு தொழிலின் சிக்கல் மட்டுமல்ல. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 'பிராண்ட்லெஸ்' என்ற நிறுவனம் 2017 ஜூலையில் தொடங்கியது. பெயர்பெற்ற முத்திரைகளும் கடைகளும் சேர்க்கும் கூடுதல் விலையை நீக்கிவிட்டோம் என்று சொல்லி, வீட்டுப் பொருள்கள் எல்லாவற்றையும் 3 டாலருக்கு இணையத்தில் விற்றது. 2018இல் ஜப்பானின் சாப்ட்பேங்க் நிதியத்தின் தலைமையில் 24 கோடி டாலர் முதலீடு அறிவிக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் நிறுவனம் வியாபாரத்தை நிறுத்தியது. போட்டி மிகுந்த சந்தையில் தங்கள் வியாபார முறை தாக்குப்பிடிக்கவில்லை என்பதே அது சொன்ன காரணம். 3 டாலர் பொருளை வீட்டு வாசலுக்கு அனுப்புவதில் எவ்வளவு மிச்சமாகும் என்பதை மேலே பார்த்த முறுக்குக் கணக்கே காட்டும்.

மெத்தையைப் பெட்டியில் அடைத்து நேரடியாக விற்ற 'காஸ்பர்' நிறுவனத்தின் கணக்கும் வெளிப்படையானது. பங்குச் சந்தைக்கு வருமுன் அது தாக்கல் செய்த விவரப்படி, 2018இல் விற்பனை 35 கோடியே 79 லட்சம் டாலர், நட்டம் 9 கோடியே 21 லட்சம் டாலர். விளம்பரத்துக்கும் சந்தைப்படுத்தலுக்கும் மட்டும் 12 கோடியே 62 லட்சம் டாலர் போயிருந்தது. விற்ற ஒவ்வொரு டாலரிலும் 35 சென் வாடிக்கையாளரைத் தேடவே செலவானது. கடைக்காரருக்குப் போக வேண்டியது விளம்பர நிறுவனங்களுக்குப் போனது.

மூக்குக் கண்ணாடியை 95 டாலருக்கு இணையத்தில் விற்றுப் பேர் வாங்கிய 'வார்பி பார்க்கர்' நிறுவனம் 2010இல் தொடங்கியது. 2013இல் நியூயார்க்கில் தன் நிரந்தரக் கடையைத் திறந்தது. இன்று அதற்கு 200க்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. கடை வேண்டாம் என்று தொடங்கிய தொழில் கடையிலேயே வந்து நின்றது.

கோலாலம்பூரிலும் உதாரணம் இருக்கிறது. 2010இல் தொடங்கிய 'பேஷன் வேலட்' இணைய ஆடை விற்பனை நிறுவனம், முதலில் பல உள்நாட்டு வடிவமைப்பாளர்களின் ஆடைகளை ஒரே தளத்தில் விற்றது. பின்னர் 'டக்' போன்ற தன் சொந்த முத்திரைகளின் பக்கம் திரும்பியது. 2018இல் கஸானா நேஷனல் 2 கோடியே 70 லட்சம் வெள்ளியும் பி.என்.பி. 2 கோடி வெள்ளியும் அதில் முதலீடு செய்தன. அந்தப் பங்குகள் 2023இல் 31 லட்சம் வெள்ளிக்கு விற்கப்பட்டன. நட்டம் 4 கோடியே 39 லட்சம் வெள்ளி என்பது 2024இல் வெளிவந்து நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. கணக்காய்வாளர்களும் நிபுணர்களும் உள்ள பெரிய முதலீட்டு அமைப்புகளுக்கே இந்த நிலை என்றால், அலைபேசியில் வந்த பத்துப் பக்கப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் குடும்பம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தொழிற்சாலை ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

முதலீடு கேட்பவர்கள் வாடிக்கையாளரைப் பற்றி நிறையப் பேசுவார்கள். தொழிற்சாலை முதலாளியைப் பற்றிப் பேசுவது குறைவு. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்று கேள்விகள் எழும்.

ஒன்று, இன்று அவர் சரக்கை எடுப்பவர்கள் மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும்தான். அதே பொருள் இணையத்தில் இரண்டு வெள்ளி குறைவாகக் கிடைத்தால் கடைக்காரர் அடுத்த மாதம் சரக்கு எடுப்பாரா? மாதம் ஆயிரம் பெட்டி எடுப்பவரைப் பகைத்துக்கொண்டு, மாதம் ஐம்பது பெட்டி எடுக்கும் புதியவருக்கு அவர் அதே விலை தருவாரா?

இரண்டு, நேரடியாக விற்பதில் லாபம் இருந்தால் தொழிற்சாலையே ஷோப்பியிலோ டிக்டாக் ஷாப்பிலோ கணக்குத் திறக்கலாமே, நடுவில் இந்தப் புதிய நிறுவனம் எதற்கு? அப்படிப் பார்த்தால், பழைய இடைத்தரகரை நீக்குவதாகச் சொல்பவரே புதிய இடைத்தரகர்தான். அது தவறில்லை. பழையவரைவிட எந்த வேலையை அவர் சிறப்பாகச் செய்கிறார் என்பதற்குப் பதில் வேண்டும்.

மூன்று, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்கிறதா? 'பேசிவிட்டோம், சரி என்றார்' என்பது ஒப்பந்தம் ஆகாது. குறைந்தது எத்தனை பெட்டி எடுக்க வேண்டும், முன்பணம் எவ்வளவு, விலை எத்தனை மாதத்துக்கு மாறாது, விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பவை தாளில் இருக்க வேண்டும். தொழிற்சாலை முன்பணம் கேட்டு, வாடிக்கையாளரின் பணம் தாமதமாக வந்தால், விற்பனை ஏறும்போதே கையில் காசு இல்லாமல் போகும்.

தீபாவளிக் கணக்கு

நம் சமூகத்தை நம்பி நடக்கும் தொழில்களில் ஒரு தனிப் பொறி உண்டு. தீபாவளிக்கு முந்திய நான்கைந்து வாரங்களில் முறுக்கு, இனிப்பு, மசாலா, துணி, அகல்விளக்கு எல்லாம் விற்கும். அந்த மாத விற்பனையைக் காட்டி, அதைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானம் என்று சொன்னால் கணக்கு பொய்யாகிவிடும். பண்டிகை இல்லாத மாதங்களின் விற்பனையைத் தனியாகக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அதோடு, வாங்கியவர்களில் எத்தனை பேர் நிறுவனரின் உறவினர்களும் பள்ளித் தோழர்களும் என்பதையும் கேட்கலாம். அறிமுகமே இல்லாதவர் தன் காசைக் கொடுத்து வாங்கி, பிறகு மீண்டும் வாங்கினால்தான் சந்தை இருக்கிறது என்று பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி, 'செண்டிரியான் பெர்ஹாட்' எனப்படும் தனியார் நிறுவனத்தில் 50 பங்குதாரர்களுக்கு மேல் இருக்க முடியாது. அது பொதுமக்களிடம் பங்குகளை விற்பனைக்கு வைக்கவும் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கணக்கானோருக்கு "பங்கு வாங்குங்கள்" என்று செய்தி வந்தால், அதுவே எச்சரிக்கை மணி.

சிறு முதலீட்டாளர்களுக்குச் சட்டப்படியான வழி ஒன்று இருக்கிறது. பங்குப் பத்திர ஆணையம் 2015இல் பங்குவழிக் கூட்டு நிதித் திரட்டலுக்கு அனுமதி கொடுத்தது. ஆணையத்தில் பதிவு செய்த தளங்களின் வழியாக மட்டுமே இது நடக்கும். சாதாரண முதலீட்டாளர் ஒரு நிறுவனத்தில் 5,000 வெள்ளி வரையிலும், 12 மாதங்களில் மொத்தம் 50,000 வெள்ளி வரையிலும் போடலாம். மனம் மாறினால் ஆறு வேலை நாள்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். திரட்ட நினைத்த தொகை சேராவிட்டால் பணம் திருப்பித் தரப்படும். இந்த வழியிலும் நட்டம் வரலாம். ஆனால் பணம் எங்கே போகிறது என்பதற்குக் கணக்கு இருக்கும்.

"மாதம் இத்தனை விழுக்காடு நிச்சயம், முதலுக்கு உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால், அதைப் பங்கு முதலீடாகக் கருத முடியாது. உரிமம் இல்லாமல் வைப்புத்தொகை வாங்குவது 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் கீழ்க் குற்றம். பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்களை வெளியிடுகின்றன. அவற்றில் பெயர் இருக்கிறதா என்று அலைபேசியிலேயே பார்த்துவிடலாம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வாங்கிய பொருள் கெட்டிருந்தால் 50,000 வெள்ளி வரை பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். வாங்கிய பங்கு மதிப்பிழந்தால் அந்தக் கதவு திறக்காது.

பத்து விழுக்காடு என்றால் எவ்வளவு?

"மூன்று லட்சம் வெள்ளிக்குப் பத்து விழுக்காடு பங்கு" என்று கேட்டால், தன் நிறுவனத்தின் மொத்த மதிப்பு 30 லட்சம் வெள்ளி என்று நிறுவனர் சொல்கிறார் என்று பொருள். அதில் 5,000 வெள்ளி போட்டவருக்கு அறுநூறில் ஒரு பங்கு கிடைக்கும். அவர் பணம் இரட்டிப்பாக வேண்டும் என்றால், நிறுவனத்தின் மதிப்பு 60 லட்சம் வெள்ளியாக உயர வேண்டும். இடையில் புதிய முதலீட்டாளர்கள் வந்தால் அவருடைய பங்கு இன்னும் சுருங்கும். அதை வாங்கிக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும். இன்று மாதம் 5,000 வெள்ளிக்கு விற்கும் நிறுவனம் தன்னை 30 லட்சம் என்று மதிப்பிடுவது எதை வைத்து என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

'நம்மவர்' என்பது போதுமா?

மலேசிய இந்தியர்களுக்குக் கூட்டு முதலீடு புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கைச் சேர்த்தார்கள். அந்தப் பணம் தோட்டங்களை வாங்கியது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் தொடக்கம். உறுப்பினர்கள் தங்கள் பணம் எதுவானது என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

1980களில் ம.இ.கா.வின் முதலீட்டுக் கரமாக வந்த மைக்கா ஹோல்டிங்ஸில் 60,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒரு வெள்ளி விலையில் பங்குகளை வாங்கினார்கள். நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2010இல், ஒரு பங்குக்கு 80 சென் தருவதாக ஒரு தனியார் நிறுவனம் முன்வந்தது. போட்ட ஒரு வெள்ளியைவிட அது குறைவு. சமூக உணர்வு பணத்தைத் திரட்டிக் கொடுக்கும். திரட்டிய பணம் எப்படி நடத்தப்படுகிறது என்பதை ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்தத் தலைமுறை விலை கொடுத்துக் கற்ற பாடம்.

எந்தத் திட்டம் தாக்குப்பிடிக்கும்?

நேரடி விற்பனை எல்லாமே தோற்கும் என்பதில்லை. மதுரையில் 1999 நவம்பர் 14இல் தொடங்கிய உழவர் சந்தையும், இங்கே பாமா 1985இல் அறிமுகப்படுத்திய பாசார் தானியும் விவசாயியையும் வாங்குபவரையும் நேருக்கு நேர் சந்திக்க வைத்தவை. அங்கே சரக்கைக் கொண்டுவருபவர் விற்பவர், வீட்டுக்குத் தூக்கிச் செல்பவர் வாங்குபவர். கூரியர் செலவும் இல்லை, விளம்பரச் செலவும் அதிகமில்லை.

பெங்களூரில் 2005இல் தொடங்கிய 'ஐடி பிரெஷ்' இட்லி மாவு நிறுவனம், தன் மாவைச் சிறு கடைகளுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்து வளர்ந்தது. அது மொத்த வியாபாரியைத் தவிர்த்தது, மளிகைக் கடையைக் கைவிடவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இதே வழியில் யோசிக்க இடமிருக்கிறது. ஓர் அடுக்குமாடியில் அல்லது ஒரு தோட்டக் குடியிருப்பில் இருபது குடும்பங்கள் வாரம் ஒரு நாள் சேர்ந்து பொருள் கேட்டால், வேன் செலவு 60 வெள்ளி என்றாலும் ஒரு குடும்பத்துக்கு 3 வெள்ளிதான். அரிசி, எண்ணெய், மசாலா போல மாதந்தோறும் தீர்ந்துபோகும் பொருள் என்றால் வாடிக்கையாளரை மீண்டும் மீண்டும் விளம்பரம் போட்டுத் தேட வேண்டியதில்லை. எடை குறைவாக, விலை கூடுதலாக, எளிதில் கெடாத பொருளுக்கும் இந்தக் கணக்கு உதவும்.

கையெழுத்துப் போடுமுன்

முதலீடு கேட்டு வருபவரிடம் இவற்றைக் கேட்டு வாங்கலாம்:

• எஸ்.எஸ்.எம். பதிவு விவரமும் இப்போதைய பங்குதாரர் பட்டியலும்.
• கடந்த ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, பண்டிகை மாதம் தனியாக.
• ஒரு பார்சலின் முழு வரவு செலவு, கூரியர், விளம்பரம் உட்பட.
• இரண்டாவது முறை வாங்கியவர்களின் எண்ணிக்கை.
• தொழிற்சாலையுடன் கையெழுத்தான ஒப்பந்தம்.
• உணவு என்றால் சுகாதார அமைச்சின் பதிவு, அழகுப் பொருள் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவான என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவித்த எண்.
• நிறுவனர் போட்ட சொந்தப் பணம் எவ்வளவு, மாதச் சம்பளமாக எடுப்பது எவ்வளவு.

நேர்மையாகத் தொழில் செய்பவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பதில் தெரியாததை ஒரு வாரத்தில் தேடிக்கொண்டு வருவார். அந்த ஒரு வாரத்தில் குடும்பம் செய்யக்கூடிய எளிய சோதனையும் இருக்கிறது. உறவு சொல்லாமல், வேறு ஒருவர் பெயரில் அந்தப் பொருளை முழு விலை கொடுத்து வாங்கிப் பார்க்கலாம். எத்தனை நாளில் வந்தது, உடையாமல் வந்ததா, கடை விலையைவிட உண்மையிலேயே குறைவா, அடுத்த மாதம் மீண்டும் வாங்கத் தோன்றுகிறதா என்று பார்த்துவிட்டு, பத்தாயிரம் வெள்ளியைப் பற்றிப் பிறகு பேசலாம்.